செல்வத்தின் கை விஷயமாக

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் சுகம். இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். செல்வத்துக்கு மாட்டப்போகும் மின்சாரச் செயற்கைக் கைக்கு நீ அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம்.

'நினைத்தால் விரல் மடங்கும்' என்றாராம் விற்பனைக்காரர். மடங்கும்டா. ஆனால் அந்தக் கைக்கு நினைப்பெல்லாம் தெரியாது. முன்கைத் தசை சுருங்கும்போது தோலுக்கு மேல் கிடைக்கும் துளி மின்னழுத்தம்தான் தெரியும். பெரும்பாலும் அது ஒரு மில்லிவோல்ட்கூடத் தேறாது. வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதை முழுங்கிவிடும். அதனால்தான் ஒரே தசைமேல், நார் ஓடும் திசையில், இரண்டு உலோகப் பொட்டுகளை வைக்கிறார்கள். இரண்டிலும் பொதுவாக வரும் இரைச்சல் கழிந்து, வித்தியாசம் மட்டும் பெருகும். ஒரு பொட்டு தோலைவிட்டுச் சற்றே எழும்பினால் போதும், கணக்கு கெட்டுக் கை தானாகத் திறந்துகொள்ளும். ஐந்து விரலும் தனித்தனியே ஆடும் விலை உயர்ந்த கைக்கும் இதே கதிதான்.

ஆகவே கையை விடு, சாக்கெட்டைப் பார்; அதாவது மிச்சமிருக்கும் கைமேல் மாட்டும் உறையை. முதலில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஒரு சோதனை சாக்கெட் செய்யச் சொல். எங்கே அழுத்தித் தோல் வெளுக்கிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். அதை மாட்டியபடி கையைத் தலைக்கு மேல் தூக்கட்டும், குனியட்டும், கனமான பையைத் தொங்கவிடட்டும். மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பந்தைப் பிடித்துக் காட்டுவது சோதனையே இல்லை. வெட்டிய கையின் வீக்கம் வடிந்து அளவு நிலைக்கும் முன் கடைசி சாக்கெட்டுக்கு அச்செடுக்க விடாதே.

அதற்கும் முன்னால் நீயே ஒன்று செய்யலாம். முழங்கைக்குக் கீழே உள்பக்கத் தசையில் விரலை வைத்து, 'இல்லாத மணிக்கட்டை உள்ளே மடக்கு' என்று சொல். இறுகுகிறதா? மூடுவதற்கான இடம் அது. வெளிப்பக்கத் தசை திறப்பதற்கு. ஒன்று இறுகும்போது மற்றது தளர்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இறுகினால் முதலில் பயிற்சி, பிறகுதான் பணம். வேண்டுமென்றே இரண்டையும் சேர்த்து இறுக்குவது பின்னால் பிடியை மாற்றும் சுவிட்சாக உதவும்.

எவ்வளவு சிக்னல் வந்தால் கை அசையும் என்ற வரம்பை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் கேள். தாழ்த்தி வைத்தால் டம்ளரைத் தூக்கும் சிரமத்திலேயே கை திறந்து காபி மடியில். உயர்த்தி வைத்தால் சாயங்காலத்துக்குள் தசை ஓய்ந்துவிடும். காலையில் தோல் வறண்டு சிக்னல் வராவிட்டால் பொட்டு படும் இடத்தில் ஈரத்துணியால் ஒற்றினால் போதும். மதிய வியர்வைதான் தொல்லை. நம் ஊர் வெயிலில் சாக்கெட் வழுக்கிப் பொட்டு இடம் மாறும்.

மூளையில் சிப் பதித்துக் கையை ஆட்டும் வீடியோவை இனி அனுப்பாதே! தோளோடு இரண்டு கையும் போன அமெரிக்க மின்தொழிலாளி ஜெஸ்ஸி சல்லிவனுக்குக்கூட, டாட் குய்க்கன் என்ற மருத்துவரின் குழு கை நரம்புகளை மார்புத் தசைக்குத் திருப்பி, அங்கிருந்துதான் சிக்னல் எடுத்தது. அங்கேயும் தசைதான் பேசியது.

முழங்கைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் மிச்சம், தோல் ஒட்டு வைத்தது எந்தப் பக்கம் என்று அளந்து எழுது. தழும்பின் மேல் பொட்டு உட்கார்ந்தால் சிக்னல் மங்கிவிடும்.

உன்,
ராகவன்