பற்று யார் பேரில்?

காரைக்குடி

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. ஜெர்மனிக்குப் போல்ட் அனுப்பினால், அதைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவின் கணக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள், இது வெள்ளைக்காரன் போடும் புது வரி என்று கொதித்திருந்தாய். கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கே வேண்டாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இங்கே வீட்டில் மராமத்து நடக்கிறது. முகப்பில் பர்மா தேக்குத் தூண், தரையில் இத்தாலிச் சலவைக்கல், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. காடு வெட்டியது அங்கே, மலை உடைத்தது அங்கே, வாழ்ந்தது நம் ஐயாக்கள். இன்று உலகம் முழுக்க இதுதான். மொத்தக் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு, ஒரு நாட்டில் செய்து இன்னொரு நாட்டில் பயன்படுத்தும் சரக்குகளால் வருகிறது. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் கணக்கிலோ, புகை கிளம்பிய நாட்டின் பேரில்தான் பற்று எழுதுகிறார்கள். வாங்கி அனுபவித்தவன் பேரில் ஒரு வரிகூடக் கிடையாது. சர்வதேசக் கப்பல்களின் புகை எந்த நாட்டு மொத்தத்திலும் சேராது. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன நம்மவர்கள் இப்படி ஐந்தொகை (வரவு செலவு முடிவுக் கணக்கு) எடுத்திருந்தால் பெட்டியடியில், அதாவது கடையில் கணக்கு பார்க்கும் இடத்தில், யாரும் ஒப்பியிருக்க மாட்டார்கள்.

அதற்காகத் தூரம்தான் குற்றம் என்று நினைத்துவிடாதே. ஒரு டன் சரக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு பார்த்தால் லாரியைவிடக் கப்பலின் புகை எத்தனையோ மடங்கு குறைவு. பொருளை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் விஷயம். இரண்டாங்கட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கலர்ச் சிமென்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. மேலே மணலும் சிமென்டும் உலர்வாகத் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையே இல்லை. கடை டைல்ஸோ 1,200 டிகிரி அளவுச் சூட்டில் வெந்து வருவது. ஆனாலும் ஆத்தங்குடிக் கல்லை முழுச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது.

சரி, உன் விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து அறிக்கை மட்டும் கேட்டது. 2026 ஜனவரி முதல் இறக்குமதியாகும் சரக்கின் கரியமில வாயுவுக்குக் காசும் உண்டு. கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர்தான், ஆனால் விலை பேசும்போது உன் தலையில் இறக்கப் பார்ப்பார். ஆண்டுக்கு 50 டன்னுக்குள் சரக்கு இறக்குமதி செய்பவருக்கு விலக்கு இருக்கிறது. உன் ஆளுக்குப் பொருந்துமா என்று கேள். நீ உண்மைக் கணக்கு கொடுக்காவிட்டால் அவர்களே ஓர் அளவை வைத்துக்கொள்வார்கள். எனக்கு ஆறாதது வேறு: வசூலாகும் பணம் ஐரோப்பாவின் கஜானாவுக்கே போகிறது. நம் பட்டறைகள் உலையை மாற்றிக்கொள்ள அது இங்கே திரும்பி வர வேண்டும். உங்கள் சங்கத்தில் அதைக் கேளுங்கள், கணக்கை எதிர்க்காதீர்கள்.

பெரும்புகை உன் பட்டறையில் இல்லை, நீ வாங்கும் கம்பியில் இருக்கிறது. நிலக்கரி போட்டு ஊது உலையில் செய்த எஃகு என்றால், ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் வெகுவாகக் குறையும். எந்த ஆலை, எந்த உலை என்று கம்பி கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்கிவிடு. அப்புறம், போல்ட்டைப் பதப்படுத்தும் அடுப்புக்கு வாங்கிய எரிபொருள் ரசீதுகளை மாதவாரியாக எனக்கு அனுப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா