பிழைத்த மாடுகளையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளம் வடிந்ததும் கணக்கெடுக்க வருகிறவர்கள் செத்த மாடு எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். நியாயம்தான். ஆனால் உயிரோடு நிற்கிற மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று போய்விடுவது சரியில்லை.

அந்த டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது எங்கள் ஜெர்சி கலப்புப் பசு வயிறளவு தண்ணீரில் பொழுது சாயும்வரை நின்றது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அப்புறம் கறக்க உட்கார்ந்தால் பால் இறங்கவில்லை. கன்றை ஊட்டவிட்டாலும் சரி, வெந்நீரில் மடியைக் கழுவினாலும் சரி, நாலு பீச்சோடு நின்றுவிடும். பக்கத்தில் யாராவது தண்ணீரைக் கொட்டினால் காதை விறைத்துக்கொண்டு நடுங்கும். பயந்த மாட்டுக்கு அட்ரினலின் ஏறும், பாலை இறக்குகிற ஆக்சிடோசினை அது வேலை செய்ய விடாது என்றார் கால்நடை மருத்துவர். தங்கிய பால் மடிநோயில் கொண்டுபோய் விட்டது.

அதைவிடப் பெரிய நஷ்டம், மாடு சினைப்பருவத்துக்கே வரவில்லை. பயத்தில் சுரக்கும் கார்ட்டிசால் சில மணி நேரத்தில் இறங்கிவிடுமாம். ஆனால் அது ஏறி நிற்கும்போது, கருமுட்டையை வெளியேற்றும் ஹார்மோனை பிட்யூட்டரி சுரப்பி சரியாக விடுவதில்லை. ஒரு பருவம் தவறினால் 21 நாள் போச்சு. தீவனச் செலவு மட்டும் நிற்காது. ஒரே ஒரு முறை அசையவிடாமல் பிடித்துவைத்த எலிகளை வாரங்கள் கழித்து மறுபடி அப்படியே பிடித்துவைத்தால், ஹார்மோன் சுரப்பு முன்போல் இருப்பதில்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன. உடம்பு அதை மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

வெள்ளம் வடிந்த மறுநாள் நடத்தும் முகாமோடு நிறுத்தாமல், அடுத்த மூன்று மாதமும் மருத்துவர்கள் வந்து மடியையும் சினைப்பையையும் பார்க்க வேண்டும். கார்ட்டிசால் முடியிலும் படியும் என்பதால், புதுச்சேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் வால்முடியைச் சோதித்து எந்த மாடு எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று பதிவு செய்யலாம். குறைந்த பாலுக்கும் தள்ளிப்போன சினைக்கும் நிவாரணத்தில் ஒரு பங்கு ஒதுக்க அந்தப் பதிவு உதவும். ஐப்பசி மழைக்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பால் உற்பத்தி செய்யும் பெண்,
தென்பெண்ணைக் கரை கிராமம், கடலூர் மாவட்டம்