‘தளபதி’யின் பின்னணி இசையைத் தனியாகக் கேட்க விடுங்கள்

தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும் ஆடியோ நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

பழைய படங்களின் ரீ-ரெக்கார்டிங் இசையை, அதாவது காட்சிகளுக்குப் பின்னால் ஒலிக்கும் இசையை, வசனம் கலக்காமல், தனி ஆல்பமாக வெளியிடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். எந்தப் படத்தில் தொடங்குவது என்றால், தயங்காமல் ‘தளபதி’ என்பேன்.

1991 தீபாவளிக்கு வந்த படம். ‘ராக்கம்மா கையத் தட்டு’ 2002-ல் பிபிசி நடத்திய உலக வாக்கெடுப்பில் நான்காம் இடம் பிடித்தது உங்களுக்கே தெரியும். பாடல்களுக்கு ஒரு குறையும் இல்லை. கேசட்டில் வந்தன, சிடியில் வந்தன, இன்று எல்லார் போனிலும் இருக்கின்றன. எனக்கு வேண்டியது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற இசை.

போகியன்று, கறுப்பு வெள்ளையில், ஒரு சின்னப் பெண் தான் பெற்ற பிள்ளையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். எஸ். ஜானகி பாடிய ‘சின்னத் தாயவள்’ மெட்டு அதற்குப் பிறகு படம் நெடுக அவளை விடுவதில்லை. ஓர் இடத்தில் வெறும் புல்லாங்குழல், இன்னோர் இடத்தில் வயலின்கள் மொத்தமும். கோயில் காட்சியில் தாயும் மகனும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், யார் எவரென்று தெரியாமல். தூரத்தில் ரயில் கூவுகிறது. இரண்டு பேர் முகமும் மாறுகிறது. வசனகர்த்தா எழுத வேண்டியதை இளையராஜா எழுதியிருக்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே எனக்குத் தொண்டை அடைக்கும்.

படம் டிவியில் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேப் ரெக்கார்டரை டிவி ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்து அந்த இசையைப் பதிந்தேன். அடுப்படியில் குக்கர் மூன்று விசில் அடித்தது, அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பல வருஷம் அந்தக் கேசட்டைத்தான் கேட்டேன். வேறு வழி இருக்கவில்லை. இன்றும் ரசிகர்கள் வசனம் இல்லாத நொடிகளைப் படத்திலிருந்து வெட்டி வெட்டி ஒட்டித்தான் கேட்கிறார்கள்.

ரீலைப் பார்த்துவிட்டு ராஜா நேராக நோட்ஸ் எழுதுவார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அது பிரதி எடுக்கப்படும். திரையில் படம் ஓட ஓட, கலைஞர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். பத்துப் பதினைந்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்போது எல்லா வில்லும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இறங்குவதில்லை, மயிரிழை முன்னே பின்னே இருக்கும். அந்தச் சத்தம் மூச்சு விடுவது அதனால்தான். முப்பது வருஷம் தாண்டியும் பழசாகாமல் இருப்பதற்கு நான் காணும் காரணமும் அதுதான்.

வெளிநாட்டில் இதற்கு வழி எப்போதோ போட்டுவிட்டார்கள். ஜான் வில்லியம்ஸ் இசையமைத்து லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்த ‘ஸ்டார் வார்ஸ்’ இசை, படம் வந்த 1977-லேயே இரட்டை இசைத்தட்டாகக் கடைக்கு வந்தது. அதில் யாரும் பாடவில்லை, ஆனாலும் வாங்கினார்கள். 2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்பது உங்கள் கிடங்குகளைத் திறந்தால்தான் தெரியும். காந்த டேப்பில் இசை பதிவாகியிருக்கிற பூச்சைப் பிடித்து வைத்திருக்கிற பசை ஈரக்காற்றில் இளகிவிடும். அப்படிப்பட்ட டேப்பை அவசரப்பட்டு ஓட்டினால் பூச்சு உரிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அதோடு இசையும் போகும். சென்னைக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களை வைத்து இப்போதே டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். உரிமை யாருடையது என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், டேப் அதுவரை காத்திருக்காது.

ஆல்பம் வரும்போது, வாசித்தவர்கள் பெயரை ஒருவர் விடாமல் அச்சிடுங்கள். 1991-ல் முப்பத்தைந்து வயதில் வயலின் பிடித்தவருக்கு இன்று எழுபதை ஒட்டிய வயது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையில் தன் பெயரைத் தேடிப் படிக்கட்டும்.

அன்புடன்,
ஒரு ரசிகன்