குதிரை தர நினைக்கும் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரக் குதிரை வண்டிப் பந்தயக் குழுவினருக்கும், குதிரை வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நடக்க முடியாத பிள்ளைகளைக் குதிரைமேல் உட்காரவைத்துப் பயிற்சி தருகிறோம் நாங்கள். போன மாதம் மாலை மரியாதையோடு எங்கள் பயிற்சித் திடலில் வந்து இறங்கிய வெள்ளைக் குதிரையின் கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் படம் எடுத்தீர்கள், நாங்கள் நன்றி சொன்னோம். வலி ஊசியின் வேகம் அடங்கியதும் அது இடது முன்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. ஊசி போட்டது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. என்ன மருந்து, எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். வைத்தியம் பார்க்கிறவருக்கு அது தெரிய வேண்டும். மற்றபடி எங்கள் கோரிக்கை ஒன்றே: ஓட முடியாத குதிரையைத் தராதீர்கள், ஒழுங்காக நடக்கிற குதிரையைத் தாருங்கள்.

"பிள்ளைகள் என்ன பந்தயமா ஓடப்போகுது? லேசான நொண்டல்தானே" என்று ஒரு பேச்சு உலவுகிறது. இந்த வேலையில் நடைதான் மருந்து, அண்ணாச்சி. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசையும். மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, தன் காலால் நடந்தால் எப்படி அசையுமோ கிட்டத்தட்ட அப்படியே அசையும். பெருமூளை வாதத்தால் நடக்க முடியாத பிள்ளையின் இடுப்புக்கும் முதுகுத் தசைகளுக்கும் கிடைக்கிற பயிற்சி அதுதான். நாலு காலும் சீராக விழுந்தால்தான் அசைவும் சீராக வரும். ஒரு கால் தாங்கினால், ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்து உட்காரும் பிள்ளை இன்னும் சாயும். வலியுள்ள குதிரை வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்கத் திரும்பும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சோதிப்பது பெரிய வித்தையும் இல்லை. சிமெண்டுத் தளத்தில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, நேர்கோட்டில் மெல்லோட்டமாக ஓட்டிப் பாருங்கள். நோவுள்ள முன்காலை ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல காலை ஊன்றும்போது தாழும். நாலு குளம்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது.

உயரம் தோள்மேட்டில் 52 முதல் 60 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால், இருபுறமும் தாங்கிக்கொண்டு நடப்பவர்களின் கை பிள்ளையின் இடுப்புக்கு எட்டாது. சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோதான் கணக்கு. பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள். தயவுசெய்து 18-ஐ 10 என்று சொல்லாதீர்கள். காயடிக்காத ஆண் குதிரை வேண்டவே வேண்டாம். காயடித்தாலும் குணம் அடங்கச் சில மாதம் ஆகும்.

அதைவிட முக்கியம் பழக்கம். கூச்சல் கேட்டால் பாய வேண்டும் என்று நீங்கள் பழக்கியிருக்கிறீர்கள். இங்கே பிள்ளை திடீரென்று கத்தும், பந்து காலுக்குள் உருளும், சக்கர நாற்காலி விலாவில் உரசும். அப்போது குதிரை நிற்க வேண்டும். கோயில் புறப்பாட்டில் கொட்டுக்கும் வேட்டுக்கும் நடுவே அசையாமல் நிற்கிற குதிரை உங்களில் யாரிடமாவது இருக்கும். அதைக் கொடுக்க மனசு வராது. அதைத்தான் கேட்கிறோம்.

13ஆம் நூற்றாண்டில் நம் காயல் துறைமுகத்துக்கு அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் அவ்வளவு குதிரைகளை வாங்கியும் பேணத் தெரிந்த ஆளில்லாமல் பெரும்பாலானவை சாகின்றன என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் குதிரைக்கு ஒழுங்காக லாடம் அடிக்க ஓர் ஆளைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. மாலை போட மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

மனமிருந்து தர நினைப்பவர்கள் முதலில் கால்நடை மருத்துவரிடம் கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய்ச் சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும், பிள்ளைகள் குதிரையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பவர்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் போன்ற ஆய்வகத்திலிருந்து முடிவு வரும்வரை குதிரை உங்கள் லாயத்திலேயே நிற்கட்டும். தடுப்பூசிச் சீட்டும் வேண்டும். அதன்பின் ஒரு மாதம் எங்களிடம் சோதனைக்கு விடுங்கள், அதுவரை பிள்ளைகளை ஏற்ற மாட்டோம். ஒத்துவராவிட்டால் திரும்ப அழைத்துக்கொள்வதாக ஒரு தாளில் எழுதித் தாருங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓட முடியாததை அல்ல, ஒழுங்காக நடப்பதைத் தாருங்கள் என்று மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம். வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் நாங்களே மருத்துவரோடு வந்து பார்க்கிறோம். விடியக்காலையில் வருவோம், அதற்கு முந்தைய ஒரு வாரம் ஊசி எதுவும் போடாமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
குதிரையேற்றப் பயிற்சித் திடல் பணியாளர்கள்