ஃபிளானன் விளக்கைப் பார்த்தேன்

அன்புள்ள சேவியர்,

நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. மூட்டுவலி குறைந்து கடற்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளா, அழுகிறாளா, எழுது.

நான் இப்போது கிளாஸ்கோவில், மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் அவன் என்னை லூயிஸ் தீவுக்குக் கூட்டிப்போனான். உல்லாபூல் துறைமுகத்திலிருந்து இரண்டரை மணி நேரக் கப்பல் பயணம். தீவின் மேற்குக் கரையில் இரவு ஒன்பதரை மணிக்குக் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றோம். கடலுக்குள் வெகு தூரத்தில் அடுத்தடுத்து இரண்டு ஒளிவெட்டு; அப்புறம் இருட்டு. எண்ணிப் பார்த்தேன். முப்பது விநாடிக்கு ஒருமுறை அதே இரண்டு வெட்டு. சின்ன வயதில் முட்டத்துப் பாறையில் உட்கார்ந்து நம்மூர் விளக்கின் வெட்டுகளை நாம் எண்ணியது நினைவுக்கு வந்துவிட்டது.

அது ஃபிளானன் தீவுகளின் கலங்கரை விளக்கு. லூயிஸிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, எயிலன் மோர் என்ற பாறைத் தீவின் உச்சியில் இருக்கிறது. 1899 டிசம்பர் 7இல் முதலில் ஏற்றினார்கள். ஒரே வருடத்தில், 1900 டிசம்பரில், அங்கே காவலிருந்த மூன்று பேரும் காணாமல்போனார்கள்: ஜேம்ஸ் டகட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர். மெக்ஆர்தர் நிரந்தரக் காவலர்கூட இல்லை. உடம்பு சரியில்லாத ஒருவருக்குப் பதிலாகப் போனவர்.

காவலர்களை மாற்ற 20ஆம் தேதி போகவேண்டிய கப்பல், கடல் கொந்தளிப்பால் 26ஆம் தேதிதான் போய்ச்சேர்ந்தது. ஊதல் ஊதியும் வாணம் விட்டும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. மாற்றுக் காவலர் ஜோசப் மூர் தனியாக மேலே ஏறிப்போனார். கதவு சாத்தியிருந்தது, அடுப்பு அணைந்திருந்தது, கடிகாரம் நின்றிருந்தது. விளக்கைத் துடைத்து எண்ணெய் நிரப்பி வைத்திருந்தார்கள். கவிழ்ந்த நாற்காலி, பாதி சாப்பிட்டு விட்ட சாப்பாடு என்றெல்லாம் இன்றைக்கும் சொல்கிறார்களே, அது பின்னாளில் வந்த ஒரு கவிதை கிளப்பிவிட்டது. சமையல் பாத்திரங்கள் சுத்தமாக இருந்தன, சாப்பிட்டு முடித்த பிறகுதான் போயிருக்கவேண்டும் என்று மூரே எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கழுவிய பாத்திரங்கள் போதும். அவர்களைப் பேய்க்கதை ஆக்குவதைக் கேட்டாலே கோபம் வருகிறது. டகட்டுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள்.

விசாரிக்கப் போன மேலதிகாரி ராபர்ட் மியூர்ஹெட் 1900 டிசம்பர் 7ஆம் தேதிதான் அங்கே போய்விட்டு வந்திருந்தார். அவர்களோடு கடைசியாகக் கைகுலுக்கியவன் நான்தான் என்று அறிக்கையிலேயே வருத்தத்தோடு எழுதினார். சிலேட்டில் இருந்த கடைசிக் குறிப்பு 15ஆம் தேதி காலை ஒன்பது மணி. அன்றிரவு அந்தப் பக்கம் போன ஒரு கப்பல் வெளிச்சத்தைக் காணவில்லை. மேற்குப் படித்துறையில் கடல் மட்டத்துக்கு 33 மீட்டர் மேலே கயிறுகள் வைத்திருந்த பெட்டியை அலை அடித்துக்கொண்டு போயிருந்தது. கம்பிவேலி வளைந்து கிடந்தது. அந்தப் பெட்டியைப் பத்திரப்படுத்த இறங்கியபோது ஒரு பேரலை வாரிக்கொண்டு போயிருக்கும் என்பது மியூர்ஹெட்டின் முடிவு. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

ஆனால் என்னை உறங்கவிடாதது வேறு ஒன்று. டகட், மார்ஷல் இருவரின் கடல் பூட்ஸும் மழைக்கோட்டும் அங்கே இல்லை. மெக்ஆர்தரின் கோட்டு மட்டும் மாட்டியபடியே இருந்தது. டிசம்பர் குளிரில் அவர் சட்டையோடு வெளியே போயிருக்கிறார். விளக்கடியில் எப்போதும் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. கீழே போன இருவருக்கு ஆபத்து என்று தெரிந்து ஓடினாரா? அவர் விதியை மீறினார் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

உன் தங்கை பிறந்த இரவில், ஆள் அனுப்பியும் விளக்குக் காவலரான உன் அப்பா முறை முடியாமல் விளக்கைவிட்டு இறங்கவில்லை. அம்மா அன்றைக்குப் பட்ட பாட்டை நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். உன்னோடு சேர்ந்து நானும் அவரைக் குறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கரையில் நின்றபோது அவர் முகம்தான் வந்தது. அன்றைக்கு அவரும் மேலே உட்கார்ந்து எவ்வளவு தவித்திருப்பார், சேவியர்.

இன்னொன்று சொல்லவேண்டும். மூர், அந்த அறைகளையெல்லாம் பார்த்த பிறகும், கப்பலிலிருந்து வந்த மூன்று பேரோடு அங்கேயே தங்கினார். அன்றிரவே விளக்கு எரிந்தது. 1971இல் அது தானியங்கி ஆனது. இப்போது அங்கே காவலர் யாரும் இல்லை.

அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். அப்பாவின் டியூட்டி நோட்டு பரணில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாயே, கரையான் அரிக்காமல் இருந்தால் எடுத்து வை. அந்த ராத்திரிக்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று சேர்ந்து பார்ப்போம்.

உன்,
ராஜன்