விசிடி கல்யாண வீடியோவை மாற்றித் தந்ததில் குறைபாடு: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: வீடியோவைச் சரிசெய்து தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது குறித்து

ஐயா,

வணக்கம். என் தங்கையின் கல்யாணம் 2003இல் நடந்தது. அந்த வீடியோ உள்ள மூன்று விசிடிகளை (வீடியோ சிடி) எம்பி4 வீடியோ ஃபைலாக மாற்றி பென்டிரைவில் போட்டுத் தரும்படி உங்கள் மதுரைக் கிளையில் கொடுத்தேன். ‘ஃபுல் எச்டி’ என்று சொல்லி, அதற்கான கட்டணம் முழுவதையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். வந்த பென்டிரைவைப் பார்த்து வீட்டில் எல்லோரும் நொந்துபோனோம்.

விசிடியில் இருப்பது எம்பெக்-1 முறையில் சுருக்கிய வீடியோ. அளவு 352x288 பிக்சல். அகலம் 4, உயரம் 3 என்ற 4:3 விகிதத்தில் பார்க்க வேண்டியது. அதை 1920x1080க்கு இழுத்துத் திரையை நிரப்பியிருக்கிறீர்கள். சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் அதில் இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? ஃபைல்தான் பெருத்திருக்கிறது, முகங்கள் பக்கவாட்டில் அகன்றிருக்கின்றன. எங்கள் அப்பா இப்போது இல்லை. அவர் நடப்பதும் பேசுவதும் எங்களிடம் இந்த வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது. அவர் முகத்தை இப்படிப் பார்க்க மனசு கேட்கவில்லை. போதாததற்கு, மூலையில் உங்கள் லோகோ வேறு.

சத்தமும் பின்தங்குகிறது. மாப்பிள்ளை தாலி கட்டி, நாத்தனார் மூன்றாவது முடிச்சும் போட்டுக் கையை எடுத்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது. அதே விசிடியை வீட்டு பிளேயரில் போட்டால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே கோளாறு நீங்கள் மாற்றியதில்தான்.

மூன்றாவது விசிடியை ‘டாட் ஃபைல் கரப்ட், திறக்கவில்லை’ என்று எழுதித் திருப்பிவிட்டீர்கள். விசிடியில் வீடியோ, பெயர் .dat என்று முடியும் டாட் ஃபைலாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது அதே எம்பெக்-1தான். என் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் அதைத் திறந்து ஓட்டுகிறது. கீறல் விழுந்த கடைசிப் பகுதியில் மட்டும் திக்குகிறது. சாதாரண டேட்டா சிடியில் பிழை திருத்தக் கூடுதல் தகவல் எழுதியிருப்பார்கள். விசிடியின் வீடியோ பகுதியில் அந்த இடத்திலும் வீடியோவையே நிரப்பிவிடுவதால், சின்னக் கீறலும் பாதிக்கும். வேகத்தைக் குறைத்து, வேறு வேறு டிரைவில் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்களிடம் பணம் கொடுத்தேன்.

எனவே மூன்று விசிடிகளையும் மறுபடி எடுத்துக்கொண்டு, முதலில் வீடியோவையும் ஆடியோவையும் மறுசுருக்கம் செய்யாமல் அப்படியே எம்பிஜி ஃபைலாகப் பிரித்துத் தாருங்கள். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருளே இதைச் செய்யும். அசல் தரம் அதில்தான் மிஞ்சும். பிறகு போனிலும் டிவியிலும் பார்க்க, 4:3 விகிதம் மாறாமல், சத்தம் பொருந்தி, லோகோ இல்லாமல் ஒரு எம்பி4 வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது.

முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வேன். ரசீது நகலும், முகூர்த்தப் பகுதி விசிடியில் இருப்பதும் நீங்கள் மாற்றித் தந்ததுமாக இரண்டு வடிவங்களும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை