வெளியில் கிடக்கும் மர இருக்கைகளுக்கு எந்தப் பூச்சு? கடலோரக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை கடலை ஒட்டி எழுந்துள்ள குடியிருப்புகள் பலவற்றில் பூங்காவிலும் மொட்டைமாடியிலும் நீச்சல்குளக் கரையிலும் மர இருக்கைகள் போடப்பட்டுள்ளன. மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்ததும், அவற்றுக்கு மறுபூச்சு அடிக்க ஒப்பந்தக்காரர்களிடம் விலைப்பட்டியல் கேட்கத் தொடங்குகிறீர்கள். பெரும்பாலான சங்கங்கள் கேட்பது ஒன்றையேதான்: மரத்தின் ரேகை தெரியும்படி, நிறமில்லாத, கண்ணாடிபோல் மினுங்கும் பி.யு. பாலிஷ், அதாவது மரத்தின் மேல் படலமாகப் படியும் பாலியூரிதேன் பூச்சு. மரப்பூச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த ஆண்டு கையெழுத்திடும் முன் அந்த முடிவை ஒருமுறை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். பூச்சு முதல் நாளில் எப்படித் தோன்றும் என்பதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகளில் அது எந்த விதமாக அழியும் என்பதை முதலில் கேளுங்கள்.

வெளியிலுள்ள மரத்துக்கு மழையே முதல் எதிரி என்று பலர் எண்ணுகின்றனர். பூச்சைப் பொறுத்தவரை வெயில்தான் முதலில் தாக்குகிறது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிச் சிதைகிறது. இது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்தில் நடப்பதால் மரத்தின் வலிமை குறைவதில்லை. ஆனால் பூச்சு பற்றிக்கொண்டிருப்பது அந்த மெல்லிய மேல்தோலைத்தான். நிறமற்ற படலத்தின் ஊடாகக் கதிர்கள் எளிதில் நுழைந்துவிடுவதால், படலம் கெடாமல் இருக்கும்போதே அதன் அடியிலுள்ள பிடிமானம் அழிந்துவிடுகிறது. புற ஊதாத் தடுப்பான் சேர்த்த பூச்சுகளும் இதைத் தள்ளிப்போடுகின்றனவே தவிர, நிரந்தரமாகத் தடுப்பதில்லை. நீங்கள் காணும் வெண்திட்டுகளும் செதில்செதிலாக உரியும் தோலும் இப்படித் தோன்றுபவையே.

மழை அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அகலவாக்கில் விரிகிறது. நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. 150 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை கோடைக்கும் அடைமழைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் விரிந்து சுருங்கக்கூடும். வீட்டுக்குள் புழங்குவதற்காகத் தயாரிக்கப்பட்ட கடினமான படலத்தால் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாது. அது பொருத்துகளில் மயிரிழையாக வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் உள்ளே போகிறது. போன நீர் வெளியேற வழியில்லாமல் படலத்தின் கீழேயே தங்குகிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை அழுகச்செய்யும் பூஞ்சை வளராது. ஆனால் விரிசல் விட்ட படலம் மரத்தை நாள்கணக்கில் அந்த அளவுக்கு மேலே நனைத்து வைத்திருக்கும். அதாவது, காப்பதற்காகப் பூசியதே ஈரத்தைச் சிறைப்பிடித்து வைக்கிறது.

இதைவிடப் பெரிய தொல்லை பழுதுபார்க்கும்போது வருகிறது. உரிந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினால் ஒட்டு தெரியும். ஆகவே முழு இருக்கையையும் மரம் தெரியும்வரை சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் மெலிகிறது, கூலியும் ஏறுகிறது. சங்கங்கள் சலித்துப்போய் நல்ல தேக்கு இருக்கைகளைப் பழைய மரக்கடைக்குத் தள்ளிவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வயிரம் பாய்ந்த தேக்கு அப்படிக் கழிக்கப்படுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தேக்கு இருக்கைகளுக்கு நான் பரிந்துரைப்பது, மரத்துக்குள் ஊறி இறங்கும் வெளிப்புற எண்ணெய்ப் பூச்சு; அதிலும் இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகள் சிறிதளவு கலந்ததும், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ந்ததும். நிறமி கதிர்களை மறைக்கிறது, ரேகையும் தெரிகிறது. மரத்தின் மேல் தடித்த படலம் இல்லாததால் உரிவதற்கு எதுவும் இல்லை. அது வெளிறித்தான் அழியும். வெளிறிய இருக்கையைக் கழுவிக் காயவைத்து மேலே ஒரு கை எண்ணெய் பூசினால் போதும். சுரண்டல் வேலை கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பூச வேண்டும் என்பது இதன் குறைதான். ஆனால் தோட்டப் பணியாளர் ஒருவரே அதைச் செய்துவிட முடியும்.

செலவைக் குறைப்பதாக எண்ணி வெறும் ஆளிவிதை எண்ணெயை வாங்கிப் பூச வேண்டாம். நம் கடலோரப் புழுக்கத்தில் அது பூஞ்சைக்கே உணவாகிச் சில மாதங்களில் கருத்துப்போகும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைச் சிலர் யோசனையாகச் சொல்வதுண்டு. மரப்படகுகளுக்கு அதைப் பூசிவந்த மரபு உண்மையானது, மதிப்புக்குரியதும்கூட. ஆனால் அது தோலைப் புண்ணாக்கக்கூடியது. குழந்தைகள் வெறுங்காலோடு ஏறி விளையாடும் இருக்கைக்கு உகந்ததன்று.

எதுவுமே பூசாமல் விடுவதும் தேக்குக்கு ஒரு நேர்மையான தேர்வு. மியன்மாரில் மண்டலேக்கு அருகே 1850-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட, ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள ஊ பெய்ன் தேக்குப் பாலம் இன்றும் மக்கள் நடக்கும் பாலமாகவே இருக்கிறது. அங்கும் சில தூண்கள் அழுகியதால் கான்கிரீட் தூண்களாக மாற்றப்பட்டுள்ளன. தேக்கும் ஓயாத ஈரத்துக்கு விதிவிலக்கன்று என்பதை மறக்கக்கூடாது. தண்ணீர் வடியும் தரையில், கால்கள் மண்ணில் புதையாமல் நிற்கும் இருக்கை சாம்பல் நிறமாக மாறிய பின்னும் நெடுங்காலம் உழைக்கும். அந்த நிறத்தை உங்கள் உறுப்பினர்கள் ஏற்பார்களா என்பதைப் பொதுக்குழுவில் கேட்டுவிடுங்கள்.

ரப்பர் மரம், மாமரம் போன்றவற்றில் செய்த இருக்கைகளுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அவை இயல்பிலேயே அழுகலுக்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகக்கூடியவை. அவற்றுக்கு மரப் பாதுகாப்பு மருந்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் ரேகையை முழுவதும் மறைக்கும் வெளிப்புறப் பெயின்ட் என்ற வரிசையே தகும். வெயிலை முழுமையாக மறைப்பது பெயின்ட் ஒன்றுதான். மெலமைன் பூச்சு, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், அரக்கில் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் ஆகிய மூன்றும் வீட்டுக்குள் மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. விலைப்பட்டியலில் அவற்றைக் கண்டால் உடனே நீக்கச் சொல்லுங்கள். பளபளப்பு வேண்டும் என்று உறுப்பினர்கள் வற்புறுத்தினால், வெயில் நேராகப் படாத, கூரையுள்ள தாழ்வாரத்து இருக்கைகளுக்கு மட்டும் வெளிப்புறத் தரத்திலான நெகிழ்வுள்ள பூச்சை அனுமதிக்கலாம்.

எந்தப் பூச்சானாலும், ஒப்பந்தத்தில் சில வேலைகளை எழுத்தில் கேளுங்கள். பூசும் முன் ஈரமானி வைத்து மரத்தின் ஈரத்தை அளந்து காட்ட வேண்டும். மழை நின்ற மறுவாரமே தொடங்காமல் மாசி, பங்குனி வரை காத்திருப்பது நல்லது. கால்களின் அடியிலும் கைப்பிடியின் முனையிலும் நாருக்குக் குறுக்காக அறுக்கப்பட்ட வெட்டுமுகங்கள் பக்கவாட்டைவிடப் பன்மடங்கு வேகமாக நீரைக் குடிப்பதால், இருக்கையைக் கவிழ்த்துப்போட்டு அங்கே இரண்டு மூன்று முறை பூச வேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுவே. துருப்பிடித்த இரும்பு ஆணிகளைக் கழற்றிவிட்டு, உப்புக்காற்றைத் தாங்கக்கூடிய 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை முடுக்கச் சொல்லுங்கள். இரும்பு தேக்கின் சாறோடு சேர்ந்து கருங்கறை படிய வைக்கும்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பற்றி உங்கள் காவலர்களிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் தவறாமல் சொல்லிவையுங்கள். உலரும் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடுவதால், சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தியோ, தண்ணீரில் நன்கு நனைத்தோ அப்புறப்படுத்த வேண்டும்.

இந்த ஆண்டு எல்லா இருக்கைகளுக்கும் ஒரேயடியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. அதிக வெயில் படும் ஒரே ஒரு தேக்கு இருக்கைக்கு மட்டும் நிறமி கலந்த எண்ணெய் பூசச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பதை ஒப்பந்தக்காரர் விரும்பும் பி.யு. பூச்சுக்கே விடுங்கள். அடுத்த தை மாதத்தில் இரண்டையும் உறுப்பினர்கள் நேரில் பார்த்த பிறகு மீதி இருக்கைகளைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

பணிவுடன்,
மரப்பூச்சுத் தொழிலாளி ஒருவன்